சீட்டுப் பொட்டியும் நளினியோட துப்பட்டாவும்

அன்னிக்கி கோரமண்டல் ஸ்டேஷன்ல பெங்களூர் டிரெயினோட லேடீஸ் பெட்டி தூரமா போயி நின்னுச்சி. நளினி ஓடி வந்து கெடச்ச பெட்டில ஏறினா... துப்பட்டா எதுலயோ மாட்டிச்சி. படக்குனு இழுத்தா.

"ஐயோ! ஏங்க... வயரு போச்சிங்க!"

கத்தினவன் சம்பங்கி, பெங்களூர்ல ஏதோ கோர்ஸ் படிக்கிற பையன். அவன் மடில ஒரு பொட்டி. டிரெயின்ல தினம் சீட்டாடுற பெரியவங்களுக்காக அவனே செஞ்சது. மாசம் பூரா எல்லார் பாயிண்ட்டும் அதுக்குள்ளதான். திரும்ப ஆன் பண்ணா... கண்டபடி நம்பர்!

"இந்த மாசம் நான்தான்யா ஃபர்ஸ்ட்டு!" தசரதன் சீட்டக் கீழ போட்டாரு. நளினியோட அப்பா அவரு. "பொட்டியும் வாணாம், நீயும் இந்தப் பக்கம் வராத!"

சம்பங்கி மொகம் சுருங்கிடுச்சி. "உங்க துப்பட்டாவாலதாங்க..."

"வயரப் புடுங்கினா மறந்துடுமா? எதுல சேவ் பண்றீங்க?" மீட்டர் செய்யற கம்பெனில வேல அவளுக்கு.

"ஃப்ளாஷ்ல. எடம் நெறைய கீதே."

"அது சிப்புல புரோகிராம் வைக்கிற எடங்க. ஒருத்தர் பாயிண்ட்ட மாத்தவே ஒரு பிளாக்க மொத்தமா அழிச்சிட்டு எழுதணும். நடுவுல கரண்ட் போனா எல்லாரும் காலி! அதே சிப்புல ஈப்ராம்னு தனி மெமரி இருக்கு, அதுல போடுங்க. சின்ன எடம்தான்... ஆனா ஒருத்தரோடத மட்டும் மாத்தும். அடிக்கடி எழுதினாலும் தாங்கும்."

"எனக்கே தெரியும்ங்க!"

அவனுக்குத் தெரியாது... ஆனா அவளோட அந்தக் கண்ணு... சண்ட போடறப்பவும் சிரிக்குதே!

அப்புறம் அவன் வரவே இல்ல. ஒண்ணாந்தேதி நல்ல மழ. சட்டைக்குள்ள பொட்டிய மறைச்சிக்கினு, தொப்பலா நனைஞ்சி வந்து வாசப்படிகிட்டயே நின்னான்.

"ஈப்ராமா?"

"ம்... நீங்க சொன்னதுதான் ரைட்டு."

நளினி பொட்டிய வாங்கி அப்பா முன்னாடி வெச்சா. ரெண்டு ஆட்டம் முடிஞ்சதும், "இப்ப நீயே வயரப் புடுங்குப்பா."

புடுங்கினாரு. மாட்டினாரு. பாயிண்ட்டு அப்படியே இருந்திச்சி!

"பரவால்லயே... டேய் சம்பங்கி, நாளைக்கும் எடுத்தாடா!"

நளினி வாசப்படிக்கு வந்தா. "பெங்களூர்ல இன்னா கோர்ஸ் படிக்கிறீங்க?"

"அது போன மாசமே முடிஞ்சிச்சிங்க."

"அப்ப இன்னாத்துக்கு இந்த டிரெயினு?"

அவன் பையிலேந்து புது சீசன் டிக்கெட்ட எடுத்துக் காட்டினான். "நீங்க ஏறுற டிரெயினாச்சே... உங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குங்க."

மழ அவ மொகத்துல தெறிச்சிச்சி. தொடைக்கல.

"லேடீஸ் பெட்டி இப்பல்லாம் கிட்டதான் நிக்குது, தெரியுமா?"

"அப்ப... ஏன் இங்க?"

"நீங்க வராத நாள்லயும் இங்கதான் ஏறினேன்..."