அட்டைக்குள் போன கை

ஓய்வுபெற்ற அந்தப் போலீஸ் ஏட்டுக்குத் தெருவில் வைத்த பெயர் குடைச்சல். பால் பாக்கெட்டைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். அன்று காலை அவர் வீட்டுக்கு வந்த பெண் அழவில்லை. அதனாலேயே உட்காரச் சொன்னார். அழுதுகொண்டு வருகிறவர்கள் பாதி விஷயத்தை அழுகையிலேயே கரைத்துவிடுவார்கள் என்பது அவர் நினைப்பு.

அவளுடைய மாமனார் ஸ்டூடியோ வைத்திருந்து காலமானவர். அவர் விட்டுப்போன பழைய ஸ்டீரியோஸ்கோப் ஒன்று வீட்டில் இருந்தது. மரப்பிடியும் இரண்டு கண்ணாடியும் கொண்ட அந்தச் சாமானுக்கு வீட்டில் ரெட்டைக்கண் பெட்டி என்று பெயர். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படம் ஒட்டிய அட்டையை அதில் செருகிப் பார்த்தால், படத்தில் இருப்பதெல்லாம் நிஜம்போல எழுந்து நிற்கும். அப்படி ஒரு அட்டையில் மாமியாரின் மூத்த மகள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்ன வயதிலேயே போய்விட்ட பிள்ளை. மாமியார் தினமும் அவளைப் பார்ப்பார்.

"போன வாரம் பார்த்துட்டு, புள்ள கையை உள்ள இழுத்துக்கிட்டா, நீதான் என்னமோ பண்ணிட்டேன்னாங்க," என்றாள் அந்த மருமகள். "அலமாரியைத் துடைக்கிறது நான்தானே. அன்னையிலேர்ந்து என் கையால தண்ணிகூட வாங்கறதில்ல. பொட்டியைக் கட்டிக்கிட்டு உங்க அம்மா வீட்டுக்குக் கிளம்புன்னு சொல்லிட்டாங்க, ஏட்டையா."

புருஷன் என்ன சொல்கிறான் என்று கேட்டார். அட்டையை வெறும் கண்ணால் பார்த்துவிட்டு, அதே படம்தானே என்று சொல்லிவிட்டானாம்.

ஏட்டுடன் கூடவே உட்கார்ந்திருந்த அவருடைய மச்சினனுக்கு இதற்குள் கேஸ் முடிந்துவிட்டது. பழைய சாமான் வியாபாரி எவனோ அசல் அட்டையை அடித்துக்கொண்டு போயிருக்கிறான், கடைகடையாய்ப் போய்ப் பிடித்துவிடலாம் என்று செருப்பையே மாட்டிவிட்டார்.

"மாப்ளே, முதல்ல அந்த வீட்டுக்கு வழி கேளு," என்றார் குடைச்சல்.

வீட்டில் மாமியார், மகன், மாமியாரின் தம்பி மூவரும் இருந்தார்கள். தம்பி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வாசலில் நின்ற வேனின் இடதுபக்கம் முழுக்கச் சிராய்ப்பு. சந்து குறுகல் என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார். வந்தவர்களுக்கு டீ ஊற்றியபோது, பிளாஸ்கின் வாயை டம்ளர் விளிம்பில் முட்டவைத்த பிறகுதான் சாய்த்தார். நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார். குடைச்சலுக்கு நல்ல மனுஷர்கள்மேல் கொஞ்சம் கூடுதல் சந்தேகம்.

மற்ற அட்டைகளையும் பிள்ளையின் அட்டையையும் ஜன்னல் வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவரும் பிள்ளையைப் பெட்டியில் பார்க்கவேண்டும் என்றார். மகன் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினான். தட்டையாக இருக்கிறதே என்றான். மருமகளும் அதையே சொன்னாள். தம்பி பார்த்தார். எப்போதும்போல் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

அவர் கண்ணை எடுப்பதற்குள் குடைச்சல் தன் உள்ளங்கையை இடதுபக்கப் படத்தின்மேல் ஓசைப்படாமல் வைத்து மறைத்தார்.

"இப்ப எப்படித் தெரியுது?"

"அதே மாதிரிதான். புள்ள நல்லா உட்கார்ந்திருக்கா."

மாமியார் படத்தை மறைத்திருந்த ஏட்டின் கையைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"உங்களுக்கு இடது கண் தெரியாது," என்றார் குடைச்சல். "இது அந்தப் பழைய அட்டை இல்ல. மத்ததுலயெல்லாம் நாற்காலிக் குமிழ் ஒரு படத்துல ஜன்னல் கம்பியை மறைக்குது, இன்னொண்ணுல விலகி நிக்குது. ஒரு கண்ணுக்கு ஒரு படம்னு எடுத்தது. இதுல ரெண்டும் ஒரே படம். ஒண்ணையே ரெண்டு பிரதி எடுத்து ஒட்டியிருக்கு, அதான் புள்ள கை முன்னால எழுந்து வரல. ரெண்டு கண்ணும் தெரியறவன் ஒட்டின உடனே பெட்டியில வெச்சுப் பார்த்திருந்தா குட்டு வெளிப்பட்டிருக்கும். நீங்களும் பார்த்திருப்பீங்க. உங்களுக்கு எது வெச்சாலும் ஒண்ணுதான்."

தம்பி மறுக்கவில்லை. கண் மங்கி வெகுகாலமாகிவிட்டதாம். சொன்னால் வேன் போய்விடும் என்று மூடி மறைத்திருக்கிறார். போன வாரம் ஒருநாள் டம்ளர் என்று நினைத்து ஊற்றிய டீ அட்டையின் இடதுபாதியில் விழுந்தது. நன்றாயிருந்த பாதியைப் பிரதி எடுத்து, அக்காவுக்குத் தெரியாமல் சரிபண்ணிவிட்டதாக நினைத்திருக்கிறார்.

"அதுக்கு ஒரு பொண்ணு வீட்டை விட்டுப் போகணுமா? நாளைக்கு டீக்குப் பதிலா சந்துல ஒரு புள்ள இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று குடைச்சல் கையை நீட்டினார். "வேன் சாவியைக் குடுங்க. பழைய அட்டையையும். அதைத் தூக்கிப்போட உங்களுக்கு மனசு வந்திருக்காது."

வரவில்லைதான். வேன் சீட்டுக்கு அடியில், துணியில் சுற்றி வைத்திருந்தார்.

இடதுபாதி பழுப்பேறிக் கிடந்தது. இனி இதை வைத்து என்ன பிரயோஜனம் என்று மச்சினன் முணுமுணுத்தார். மாமியார் அட்டையைப் பெட்டியில் செருகி, கண்ணை வைத்து, சட்டத்தை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினார். கறை ஒரு மெல்லிய திரைபோல முன்னால் தொங்கியது. அதற்குப் பின்னாலிருந்து கை வந்தது. திரையைத் தாண்டி, வழக்கமாக நிற்கும் இடத்தில் வந்து நின்றது.

வெகுநேரம் பார்த்தார். பெட்டியை இறக்காமலேயே பேசினார்.

"கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா."

மருமகள் கொண்டுவந்தாள். மாமியார் ஒரு கையால் டம்ளரை வாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் பெட்டியை அவளிடம் நீட்டினார்.

மச்சினன் கிளம்பலாமே அத்தான் என்று ஜாடை காட்டினார். குடைச்சல் அசையவில்லை. டம்ளர் காலியாகும்வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.