சிவப்பு அம்பு காட்டிய வழி

தடார்!

கூரையிலிருந்து பெயர்ந்த சிமெந்துப் பாளம் தவசீலனின் காலில் விழுந்தது. அவன் அலறினான். தூசி அடங்கியபோது எலும்பு வெளியே தெரிந்தது. நிரோஜா துப்பட்டாவைக் கிழித்து அண்ணனின் தொடையில் இறுகக் கட்டினாள். இரத்தம் நிற்பதாக இல்லை.

"கெதியா ஆசுபத்திரிக்குக் கொண்டு போகோணும் மச்சாள்!" என்றான் கஜன்.

"எப்பிடியடா? வெளியில பார்!"

உலகப் போரில் எதிரிக் கப்பல் வரும் தூரத்தைக் கணித்துப் பீரங்கிக்காரருக்குச் சொல்வதற்காக வெள்ளைக்காரர் கட்டிய கண்காணிப்பு அறை அது. அதைத் தேடித்தான் மூவரும் இந்த ஆளில்லாத் தீவுக்கு வந்திருந்தார்கள். காலையில் கடல் தூங்கியது. படகு பவளப்பாறைக்கு மேலாகவே வழுக்கி வந்துவிட்டது. இப்போதோ காற்று கிளம்பி, பாறை நெடுக அலை வெடித்துக்கொண்டிருந்தது. படகு வெளியேற அந்தப் பாறையில் எங்காவது ஒரு திறப்பு இருக்க வேண்டும். எங்கே?

"இஞ்ச! வழி இருக்கு!" கஜன் துள்ளினான்.

கடலைப் பார்க்கும் நீண்ட இடுக்கின் கீழே, சுவரில் ஒரு படம் தீட்டப்பட்டிருந்தது. நிமிர்ந்தால் கடல், குனிந்தால் அதே கடலின் படம். காவலிருந்தவர்கள் தடுமாறாமல் அடையாளம் காண அந்த ஏற்பாடு. இரட்டைப் பாறைகள், அவற்றின் நடுவே திறப்பு, கீழே, திறப்பை நோக்கி ஒரு சிவப்பு அம்பு.

நிரோஜா அம்புக்கு நேரே வெளியே பார்த்தாள். வெறும் நுரை! இரட்டைப் பாறைகளையே காணவில்லை.

வெளியே ஓடினாள். பாறைகள் வலப்பக்கம், வெகு தள்ளி நின்றன. உள்ளே ஓடினாள். அம்பு நுரையைத்தான் காட்டியது. எதை நம்புவது?

"வெள்ளைக்காரன் கள்ளைக் குடிச்சிட்டுக் கீறியிருப்பான்," என்றான் கஜன். "அம்பு காட்டுற பக்கமே படகை விடுவம்!"

"படத்தில பாறைக்கு நடுவிலதான் வழி. பாறை நடந்து போகாது. பாறைக்கு விடு!"

"பிழையாப் போனால்?"

"பிழையாப் போனால் மூண்டு பேரும் முடிஞ்சம். வா, அண்ணனைத் தூக்கு!"

தவசீலனைப் படகில் கிடத்தினார்கள். கஜன் கயிற்றை இழுக்க, இயந்திரம் உறுமியது. இடமும் வலமும் அலை சுவராக எழுந்தது. அடிப்பலகையில் ஏதோ கரகரவென்று உரசியது. நிரோஜா கண்ணை மூடிக்கொண்டு அண்ணனின் கையை இறுக்கினாள். ஒரு தூக்கு, ஒரு வீழ்ச்சி...

கண் திறந்தபோது இரட்டைப் பாறைகள் இருபுறமும் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தன. ஆழ்கடல்! கஜன் கூவியே விட்டான்.

"ஆனா அம்பு ஏன் பொய் சொன்னது?" என்றாள் அவள், இன்னும் குழப்பம் தீராமல்.

படுத்தபடி கரையையே பார்த்துக்கொண்டிருந்த தவசீலன் வெளிறிய உதடுகளைப் பிரித்தான். தூரத்து மணல்மேட்டின் உச்சியில் வெறும் அத்திவாரம் மட்டும் நின்றது. அங்கிருந்து அந்த அறை வரை சரிவில் எதையோ இழுத்த தடம் நீளமாகக் கிடந்தது.

"அம்பு பொய் சொல்லேல்லையடி. அந்த அறைதான் மேட்டிலயிருந்து சறுக்கி, முகம் திரும்பிக் கிடக்குது!"