உள்ளே போன கை

அந்த மெஷினுக்கு வாசனையே இல்லை.

இரும்புக் குண்டை உருட்டி விளையாடும் பழைய பின்பால் மெஷின் எதுவும் மூக்குக்குத் தெரியாமல் ஷெட்டுக்குள் வந்ததில்லை. எலி மூத்திரம், ஊறிப்போன பிளைவுட், கருகிய கம்பிச்சுருள், பேட்டரி கசிந்து பச்சை பூத்த போர்டு என்று ஒவ்வொன்றும் தன் ஜாதகத்தை வாசனையிலேயே எழுதிக்கொண்டு வரும். பதினாறு வருஷம் டிவி மெக்கானிக்காக இருந்துவிட்டு, இப்போது கைவிடப்பட்ட விளையாட்டு மெஷின்களுக்கு உயிர் கொடுக்கும் அவளுக்கு அந்த எழுத்து அத்துப்படி. முதலில் மூக்கு, அப்புறம் கண், கடைசியில்தான் கரண்ட் என்பது அவள் சட்டம். ஒரே ஒரு தடவை அவசரப்பட்டு பிளக்கைச் சொருகிவிட்டாள். ஃப்யூஸ் இருக்கவேண்டிய இடத்தில் எவனோ சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைத்திருந்தான். ஷெட் பற்றி எரியாமல் தப்பியது அதிர்ஷ்டம்.

இன்று காலை, இடிக்கப்போகும் ஒரு விளையாட்டு மெஷின் கூடத்தின் பின்பக்க அறையிலிருந்து இதை டெம்போவில் ஏற்றி வந்திருந்தார்கள். கண்ணாடி ஓரத்தில் மூக்கை வைத்து இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம்கூட இதைவிட மணக்கும்.

"இருபது வருஷம் ஈரத்துல கெடந்திருக்கு. ஒரு எலிகூடவா உள்ள போகலைங்க?"

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்காதே" என்றார் அவள் கணவர். கார்பென்டர். மரவேலை அவர் பாடு, வயர் வேலை அவள் பாடு. "எலி இல்லேன்னா நமக்குத்தானே மிச்சம்?"

சாவி இல்லை என்பதுதான் தொல்லை. காசு போடும் சின்னக் கதவின் மேல் யாரோ இரும்புப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்திருந்தார்கள். திருட்டுக்குப் பயந்தவர் இரண்டு பட்டை வைப்பார். இங்கே ஒன்பது. அந்தக் கதவுக்குப் பின்னால்தான் ஒரு நெம்புகோல் இருக்கும். அதை இழுத்தால் கண்ணாடி கழன்று, மொத்த மெஷினும் பெட்டியாகத் திறந்துகொள்ளும். கணவர் பின்பலகையை அறுத்துவிடலாம் என்றார். அசல் பலகையை அறுப்பதாவது என்று அவள் சாமியாடிவிட்டாள். சரி, பட்டைகளை வெட்ட பிளேடு வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார்.

"நான் வர்ற வரைக்கும் கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு."

"அது ஒண்ணுதானே எனக்கு வராது?"

சிரித்துக்கொண்டே போனார். மத்தியான மழை பிடித்துக்கொண்டது. சாரல் அடிக்கிறதென்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கினாள். தகரக்கூரையில் மழை இறைந்தது.

பட்டைகளுக்கு நடுவே, விழாத காசு திரும்பி வரும் ஓட்டை மட்டும் திறந்திருந்தது. உள்பக்கமாகத் தள்ளினால் மடங்கும் ஒரு தகரமூடி அதற்கு. ஒல்லிக் கை நுழையும். அவளுடையது ஒல்லிக் கைதான்.

முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கன்னத்தைப் பலகையில் சாய்த்து, வலது கையை விட்டாள். மணிக்கட்டு போனது. முழங்கை போனது. நெம்புகோல் கதவை ஒட்டி ஒரு சாண் தூரத்தில் இருக்கவேண்டும். அகப்படவில்லை. வயர்க்கட்டு, அடிப்பலகை, ஏதாவது விரலில் படவேண்டும். எதுவும் படவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி, இடப்பக்கமாகக் கையை நீட்டி, விரல்களை அகல விரித்துத் துழாவினாள். கிணற்றுக்குள் கையை நீட்டியதுபோல் ஒரு குளிர்ந்த காற்று, வெகு தூரத்திலிருந்து வருவதுபோல், விரலிடுக்கில் புகுந்து போனது.

மெஷினின் மொத்த அகலமே இரண்டு அடிதான்.

இடது கையால் வெளிப்பக்கப் பலகையைத் தட்டினாள். டொக். உள்ளே அவள் விரல்கள் அந்தப் பலகையை முட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவற்றுக்கு ஓர் அதிர்வுகூட வரவில்லை.

போதும் என்று கையை இழுத்தாள். மடங்கியிருந்த மூடி நிமிர்ந்து முழங்கைக்கு மேலே சதையைக் கவ்வியது. இழுக்க இழுக்க இன்னும் ஆழமாகக் கவ்வியது. எலிப்பொறியை இப்படித்தான் செய்வார்கள். போக விடும், வர விடாது. எண்ணெய் டப்பா மேசைமேல் இருந்தது. ஸ்க்ரூடிரைவர் மேசைமேல் இருந்தது. ஃபோனும் மேசைமேல்தான். மேசை இரண்டே எட்டு. காலை நீட்டிப் பார்த்தாள். கட்டைவிரலுக்கும் மேசைக்காலுக்கும் நடுவே ஒரு முழம் மிச்சம்.

"பதறாதே" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அவர் வந்துவிடுவார். அரைமணி.

அப்போதுதான் உருளும் சத்தம் கேட்டது.

இரும்புக் குண்டு மரத்தில் உருளும் சத்தம் அவளுக்குத் தாலாட்டு மாதிரி. எத்தனை மெஷினில் கேட்டிருக்கிறாள். மேலிருந்து கீழே வர இரண்டு விநாடி, மிஞ்சினால் மூன்று. இது முதலில் மழைக்குள் மழையாக, வேறு தெருவில் போகும் வண்டிபோல மெல்லியதாகத் தொடங்கி, நிற்காமல், வேகம் கூடாமல், குறையாமல், நீளமான ஒரு வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து இவளைப் பார்த்து வருவதுபோல உருண்டுகொண்டே இருந்தது. இருபது எண்ணினாள். ஐம்பது எண்ணினாள். எண்ணுவதை நிறுத்தினாள்.

அவள் கைக்கு அருகே வந்து நின்றது.

உள்ளங்கையில் ஏதோ குளிர்ந்தது. உருண்டை. கனம். குண்டுதான். உருண்டு வந்து விழவில்லை. மெதுவாக, உடைந்துவிடக் கூடாதே என்பதுபோல, வைக்கப்பட்டது.

பிறகு அவள் விரல்கள் மடங்கின. அவள் மடக்கவில்லை. சுண்டுவிரல் முதலில். அடுத்தது. அடுத்தது. ஒவ்வொன்றாக. யாரோ மடக்கினார்கள்.

கத்தினாள். மழை அதை விழுங்கிக்கொண்டது. இழுத்தாள். மூடி கவ்வியது. மேசைமேல் ஃபோன் அடித்தது. அவர்தான். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. இரண்டு எட்டு தூரத்தில். ஓய்ந்தது. குண்டை நழுவவிட்டாள். விழும் சத்தம் வருமென்று காத்திருந்தாள்.

விழவே இல்லை.

ஷட்டர் தூக்கப்பட்டபோது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கணவர் சொட்டச்சொட்ட நின்றார்.

"ஃபோனை எடுக்கலையேன்னு ஓடியாந்தேன். ஆப்பசைச்ச குரங்குன்னு சொல்வாங்க, இன்னிக்குத்தான் நேர்ல..."

அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார்.

"பின்பலகையை வெட்டுங்க."

"அது அசல் பலகைன்னு நீதானே..."

"வெட்டுங்க! உள்ள யாரோ இருக்காங்க."

அவர் ரம்பத்தை எடுத்தார். மெஷினுக்குப் பின்னால் போனார். ரம்பம் அலறியது. மரத்தூள் பறந்தது. அந்த அதிர்வு கன்னத்திலும் பல்லிலும் ஏறியது. உள்ளே இருந்த கையில் மட்டும் எந்த அதிர்வும் இல்லை. பலகை பெயர்ந்து விழுந்தது. டார்ச் வெளிச்சம் கதவோர இடுக்கு வழியே கோடுகோடாக அவள் மடியில் விழுந்தது.

ரம்பம் நின்றது.

"என்னங்க?"

"கையை ஆட்டு."

"ஆட்டறேன்."

"நல்லா ஆட்டும்மா."

"ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்! தெரியலையா?"

மூச்சு வாங்கும் சத்தம். பலகையைத் தடவும் சத்தம். அவர் கை கதவின் உள்பக்கத் தகரத்தில் பட்டுத் தட்டியது. அவள் கன்னத்துக்கு நேர் பின்னால், நாலு விரல் தள்ளி.

"நெம்புகோல் தெரியுது" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. "வயர் தெரியுது. காசுப் பெட்டி தெரியுது. ஓட்டையும் தெரியுது. ஓட்டைக்கு அந்தப் பக்கம் உன் சட்டை தெரியுது."

"என் கை?"

டார்ச் வெளிச்சம் அவள் மடியில் அலைந்தது.

"என் கை எங்கங்க?"

ஐந்து விரல்களும் அவளுக்கு இருந்தன. ஒவ்வொன்றையும் உணர்ந்தாள். அவற்றின் இடுக்கில் வேறு விரல்கள் கோத்துக்கொள்வதையும் உணர்ந்தாள். குழந்தையைத் தெருவைக் கடக்கக் கூட்டிப்போகிறவர்போல, அது அவசரமே இல்லாமல் இழுக்கத் தொடங்கியது.

"இழுக்குதுங்க... உள்ள இழுக்குது..."

"இந்தப் பக்கம் ஒண்ணுமே வரலையேம்மா!"

மேல்கை போனது. கை மட்டும் நுழையக்கூடிய ஓட்டைக்குள், தோளும் போனது. வலிக்கவே இல்லை.