நாடி சொன்ன குடும்பம்

பரிவுக் காப்பீட்டுத் துறையின் அலுவலர் தாமோதரன் திரையைத் திருப்பிக் காட்டினார். ரெஜினாவின் குடும்பத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். கணவரை இழந்து, பிள்ளையும் இல்லாமல் பதினோரு ஆண்டாகத் தனியாக வாழும் ரெஜினா, இரண்டாவது பெயரைப் படித்ததும் நாற்காலியின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். பிச்சம்மாள். கீழ்வீட்டுக்காரி.

"இவ எப்படி சார் என் குடும்பம்? மூணு நாளா எனக்குத் தண்ணி விடாதவ இவ."

தாமோதரன் பொறுமையாக விளக்கினார். காகிதத்தில் குடும்பத்தைப் பிரித்து வருமான வரம்புக்குள் நுழைந்தவர்கள் பெருகியதால், அரசு குடும்ப அட்டையை ஒழித்துவிட்டு எல்லோர் மணிக்கட்டிலும் நாடியை அளக்கும் பரிவளையைப் பூட்டியிருந்தது. ஒருவரின் துன்பத்தைக் கேட்டு எவருடைய நாடி மெய்யாகவே பதறுகிறதோ, அவரே அவருக்குக் குடும்பம். சென்ற வாரம் ரெஜினா படியில் சறுக்கி விழுந்தபோது பிச்சம்மாளின் நாடி நூற்று முப்பதைத் தொட்டிருந்தது. சித்திரையில் பிச்சம்மாளுக்குக் காய்ச்சல் கண்டபோது ரெஜினாவின் நாடியும் அப்படியே. அது சந்தோஷத்தில் துடித்தது என்றாள் ரெஜினா. சந்தோஷத்தைப் பரிவளை வேறு நிறத்தில் காட்டும் என்றார் அவர்.

ரெஜினாவின் இடுப்பு மூட்டு தேய்ந்துபோயிருந்தது. மாற்றாவிட்டால், கடற்பாசிக் கூடத்தில் நின்றபடியே செய்யும் வேலை போய்விடும். அவள் கூலிக்கு அறுவை சிகிச்சை இலவசம்தான். ஆனால் பிச்சம்மாளோ தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் இயக்கி ஓய்வுபெற்றவள்; ஓய்வூதியம் பெரியது. இருவர் வருமானத்தையும் கூட்டித் தலைக்கு வகுத்தால் வரம்பைத் தாண்டியது. விதி ஒரு வழி விட்டிருந்தது: பத்து நாள் ஒருவர் பொருட்டு மற்றவர் நாடி அசையாதிருந்தால் உறவு நீங்கிவிடும்.

ரெஜினா வீடு திரும்பி இதைச் சொன்னபோது, இதைவிட எளிய வேலை உண்டா என்றாள் பிச்சம்மாள். தண்ணீர் மோட்டாரை யார் நிறுத்துவது என்று ஒன்பது ஆண்டாக நாள்தோறும் நடந்துவந்த சண்டை அன்றே நின்றது. மறுநாள் நண்பகலில், அந்த அமைதியைத் தாங்கமாட்டாமல் அவளே மாடியேறி வந்து கதவைத் தட்டினாள்.

"ஏட்டி, உசுரோட இருக்கியா? சத்தத்தையே காணோம்."

"இருக்கேன். நீ கவலைப்படாமப் போ. நீ கவலைப்பட்டா என் இடுப்பு போச்சு."

இருவர் வளைகளும் பதற்றத்தைக் காட்டிச் சிவந்தன.

சண்டையைக் கேட்டே பழகியிருந்த குடியிருப்பும் கலங்கிப்போயிருந்தது. இருவரில் எவருக்கு என்ன நேர்ந்ததோ என்று ஒவ்வொருவராக வந்து விசாரித்தார்கள். விஷயம் தெரிந்ததும் அவர்கள் நாடிகளும் பதறின: இஸ்திரி போடுகிறவர், அவர் மனைவி, வேலை தேடிக்கொண்டிருந்த மூன்று பட்டதாரிகள், இன்னும் பலர். பத்தாம் நாள் ரெஜினாவின் குடும்பத்தில் பத்தொன்பது பேர். பெரும்பாலோருக்கு வருமானம் சொற்பம். தலைக்கு வகுத்தபோது தொகை வரம்புக்கு வெகு கீழே இறங்கியிருந்தது.

அந்தப் பத்து நாளும் காலையில் முதல் வேலையாக ரெஜினாவின் கோப்பையே திறந்து பார்த்துவந்த தாமோதரன், மலர்ந்த முகத்தோடு ஒப்புதலுக்காகத் திரையில் விரல் வைத்தார். திரை மறுத்தது. உறவினர் விண்ணப்பத்துக்கு அலுவலர் ஒப்புதல் அளிக்கலாகாது. பட்டியலில் இருபதாவதாக அவர் பெயர் இருந்தது.

துணைக்கு வந்திருந்த பிச்சம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, சாரையும் குடும்பத்துல சேத்துட்டியே."

கோப்பு அடுத்த மேசைக்குப் போனது. அங்கிருந்த பெண் அதைப் படித்து முடித்தபோது இருபத்தொன்றாவது ஆளானாள். அவளுக்கு அடுத்தவர் இருபத்திரண்டு. மூவர் சம்பளத்தைச் சேர்த்தும் வரம்பு தாண்டவில்லை, ஒப்பமிடத்தான் ஆளில்லை. கடைசி மேசையில் கனகசபாபதி இருந்தார். இருபத்தாறு ஆண்டுப் பணியில் எந்த மனுதாரரையும் அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. ரெஜினா தன் வலியைச் சொல்லத் தொடங்கியதும், அதெல்லாம் மனுவில் இருக்கிறது என்று கைகாட்டி நிறுத்தினார். விரலை வைத்தார். ஒப்புதல் பதிவாகியது. ரெஜினாவுக்குக் கண் நிறைந்தது. அவர் அடுத்த எண்ணை அழைத்தார்.

ஆடி பிறந்தபோது ரெஜினா புது இடுப்போடு வேலைக்குத் திரும்பினாள். கனகசபாபதி பரிவுக் காப்பீட்டுத் துறையின் தலைவரானார். விதிப்படி, அந்தப் பதவிக்குத் தகுதியுள்ளவர் வேறு எவரும் இல்லை.