கோபுரத்தை மறைத்த மாடி

"ஹலோ... மாடியில யாரு? கீழ இறங்குங்க!"

திடுக்கிட்டுத் திரும்பினாள். லாட்ஜ் மொட்டைமாடி. எதிரே, பழைய கோபுரம் மழையில் கறுத்து நின்றது. கதவருகே குடையோடு அவன், லாட்ஜ் முதலாளியின் மகன்... கோபத்திலும் சிரிக்கிற கண்கள்!

"போட்டோ எடுக்கணும். கீழ யாருமே இல்ல."

"அதுக்காக ஏறிடுறதா?"

"மழை விட்டா இந்த நிறம் போயிடுமே..."

அவன் அருகே வந்து கேமராவுக்குக் குடை பிடித்தான்.

"ஐயோ, நீங்க நனையுறீங்க!"

"பரவால்ல. கேமராதான் காஸ்ட்லி. நான் ஓசிதானே!"

அப்புறம் தினமும் வந்தாள். கோபுரத்தின் ஆறாம் நிலையில், முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் பெண் சிலையை அவன்தான் காட்டினான். "கோவிச்சுக்கிட்டு நிக்கிறா, உங்க மாதிரியே." அன்றிரவு அவளுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

தொல்லியல் துறைக்காகத்தான் படம் எடுக்கிறேன் என்பதை மட்டும்... நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள்.

அதற்குள் அதிகாரி அளவு நாடாவோடு வந்துவிட்டார். பின்னால் அவள். லாட்ஜின் மேல்தளம் கோபுரத்தை மறைக்கிறதாம், இடிக்க வேண்டுமாம்.

"என் பையன் கட்டின மாடிம்மா இது!" என்று அவன் அப்பா குமுறினார்.

அவன் அவளை மட்டும் பார்த்தான். "இதுக்கா நான் குடை பிடிச்சேன்?"

"நீங்க கேக்கவே இல்லையே..." என்றாள் வீம்பாக. சொன்ன வாயை அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அதன்பின் வேலை ஓடவில்லை. போன் ஒலித்தால் பாய்ந்து எடுத்தாள். அவனாக இருக்காதா...

தொல்லியல் அலுவலகத்தில் விசாரணை நாள். அப்பாவை முந்திக்கொண்டு அவன் எழுந்தான்.

"இடிச்சுடுறோம் சார்."

அப்பா விருட்டென்று வெளியேறினார். தாழ்வாரத்தில் அவள் ஓடிப் போய் அவனை மறித்தாள்.

"ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"தெருமுனையில நின்னு பார்த்தேன். கோபுரம் பாதிதாங்க தெரியுது. கட்டும்போது தோணவே இல்ல..."

"என் மேல கோபம்?"

"நிறைய. ஆனா நீங்க வராத சாயங்காலம்தான் தாங்க முடியல."

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. பயந்துதான் மறைச்சேன்... சொன்னா மறுபடி ஏற விடமாட்டீங்கன்னு."

அவன் வாசலைக் காட்டினான். "அப்பா கார்கிட்ட நிக்கிறார். நம்ம விஷயத்தை இப்பவே சொல்லிடலாமா?"

"கடிச்சுக் குதறிடுவாரே!"

"நிச்சயமா. பயமா இருக்கா?"

"ரொம்ப..." என்றவள், அவனுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தாள்.