நல்லதா... கெட்டதா... டாக்டர்?

போன் அலறியது.

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே ரிசீவரை எடுத்தாள், அந்த ஆஸ்பத்திரியின் பாதாலஜி டாக்டர்.

"டாக்டர், நான் டவுன் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர். உங்க கிட்னி பேஷன்ட், போட்டோ ஸ்டுடியோ வெச்சிருக்காரே... ஞாபகம் இருக்கா?"

நிமிர்ந்தாள்.

லென்ஸுக்குக் கீழே இருந்ததே அவருடைய கட்டிதான்!

"இருக்கு. ஏன் சார்?"

"ஒரு கான்ட்ராக்டரைக் காரை ஏத்திக் கொன்னுட்டார். பட்டப்பகல்ல! நேரா ஸ்டேஷனுக்கு வந்து, சாவியை என் மேஜை மேல வெச்சுட்டு உட்கார்ந்திருக்கார்."

"ஐயோ... அவரா? ஊசின்னாலே கண்ணை இறுக்கி மூடிக்குவாரே!"

"குடிச்சுட்டு அவரோட ஒரே பொண்ணைக் காரால அடிச்சுக் கொன்னவன் அந்த கான்ட்ராக்டர். சாட்சி இல்லைன்னு கோர்ட்டு விட்டுடுச்சு. 'எனக்குக் கான்சர், ஆறு மாசத்துல போயிடுவேன், இனி என்ன பயம்'ங்கிறார். ரிப்போர்ட் நீங்க கொடுத்ததாமே?"



"நான்... கான்சர்னு எழுதவே இல்லையே!"

"பின்னே?"

"சொல்ல முடியலைன்னு எழுதினேன்."

"என்ன டாக்டர், விளையாடறீங்களா?"

"கிட்னில ரெண்டு வகைக் கட்டி சார். ஒண்ணு சாது. ஒண்ணு கான்சர். மைக்ராஸ்கோப்ல ரெண்டும் ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி! அதே ரோஸ் கலர் செல்லு, அதே உருண்டை. ஊசியில எடுத்த நூலளவு சதையை எவ்வளவு நேரம் முறைச்சாலும் பிடி கொடுக்கலை. ஸ்பெஷல் சாயம் போட்டேன்... அதுவும் ரெண்டுங்கெட்டானா வந்துச்சு. அதான் கட்டியை எடுத்துடச் சொன்னேன்."

"எடுத்தாச்சா?"

"போன மாசம். மூலை முடுக்கெல்லாம் வெட்டிப் பார்த்து, வெளி லேப்லயும் கேட்டு... இன்னிக்குத்தான் முடிவு பண்ணினேன்." மறுபடியும் லென்ஸுக்குள் பார்த்தாள். "சாதுக் கட்டி சார். அவருக்கு ஒண்ணுமே இல்லை!"



"அப்ப... ஆறு மாசம்னு சொன்னது யாரு?"

கதவு திறந்தது.

ஸ்டுடியோக்காரரின் மனைவி! ஸ்கூல் டீச்சர். ரிப்போர்ட் வாங்க வந்திருந்தாள்.

டாக்டர் லைனைத் துண்டிக்காமல் ரிசீவரை மேஜைமேல் வைத்தாள்.

"அம்மா... உங்க வீட்டுக்காரர்கிட்ட கான்சர்னு யார் சொன்னது?"

"நான்தான்."

"தெரியலைன்னுதானே அத்தனை தடவை விளக்கினேன்!"

"நல்லாவே புரிஞ்சுது டாக்டர். தெரியலைன்னா, கான்சராவும் இருக்கலாம்ல?" டீச்சர் நின்றுகொண்டே பேசினாள். "அந்த ஆள் தினமும் எங்க தெருவுல ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போவான். இவர் ஜன்னலைச் சாத்திட்டு அழுவார். அவ்வளவுதான் இவரால முடிஞ்சது. ஆறு மாசம்னு சொன்ன அன்னிக்குத்தான் ஜன்னலைத் திறந்தார். இன்னிக்குக் கார் சாவியை எடுத்தார்."

"அம்மா, அது கான்சர் இல்லை. உங்க வீட்டுக்காரர் பொழைச்சுட்டார்!"

டீச்சர் அப்படியே நாற்காலியில் சரிந்தாள்.

 

"அப்ப... அவர் ரொம்ப வருஷம் ஜெயிலுக்குள்ளே இருக்கணுமா, டாக்டர்?"

என்ன பதில் சொல்வாள்? இதற்கும் 'சொல்ல முடியலை'தான்.

டாக்டர் ரிசீவரை எடுத்தாள்.

"கேட்டீங்களா சார்? இவங்களை... அரெஸ்ட் பண்ணுவீங்களா?"

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார்.

"எந்த செக்‌ஷன்ல டாக்டர்? ரிப்போர்ட்டைத் தப்பா படிச்சுக் காட்டிப் புருஷனைப் பயமுறுத்தறது குத்தம்னா... முதல்ல என் பொண்டாட்டியைத்தான் உள்ளே வைக்கணும்!"