சேற்றில் ஒரு கைநாட்டு

நான் சுலபத்தில் பயப்படுகிற ஆள் இல்லை. பெரம்பலூருக்கு வெளியே ஒரு கல்லூரியில், ஜன்னலே இல்லாத அறையில், பதினாறு வருஷமாக எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்போடு குப்பை கொட்டுகிறேன். பகல் பதினொரு மணிக்கும் அங்கே இருட்டுதான். ஏசி சத்தமும் பம்ப்பின் முனகலும் தவிர வேறு துணை கிடையாது.

மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நர்மதா வந்தாள். ஆராய்ச்சி மாணவி, ஊர் செந்துறை. ஏழு கோடி வருஷத்துக்கு முன்பு இந்தப் பக்கமெல்லாம் கடல். அந்தக் கடலடிச் சேற்றில் புதைந்த, கண்ணுக்கே தெரியாத உயிர்களின் ஓடுகள் எவ்வளவு தூரம் கெடாமல் இருக்கின்றன என்று பார்ப்பதுதான் அவள் படிப்பு. கையுறை கொடுத்தபோது கவனித்தேன், வலது கட்டைவிரலில் வட்டமாக ஒரு தழும்பு.

"சேறு காயவைக்கையில ஹாட் பிளேட்ல சுட்டுக்கிட்டேன் சார்," என்று சிரித்தாள்.

அவள் கொண்டுவந்த சேற்றுப்பொடிக் குப்பிகளில் பதினொன்று முடிந்தன. எல்லாம் வழக்கம்போல அரித்து, பாதி கரைந்துபோன ஓடுகள். பன்னிரண்டாவதைப் பையிலிருந்து எடுக்கவே தயங்கினாள்.

"இது எந்த இடத்துல எடுத்தது?"

"பழைய சுண்ணாம்புக்கல் குவாரி சார். தேங்குன தண்ணிய இப்பதான் இறைச்சாங்க. அடிச்சேத்துல அள்ளுனேன்." குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி சொன்னாள். "எங்கப்பா அதுலதான் விழுந்தாரு. எட்டு வருஷம் ஆச்சு. உடம்பு கெடைக்கல."

அப்பா ராசாங்கம் அதே குவாரியில் வெடிக்குத் துளை போடுகிறவர். உடம்பைப் பார்க்காமல் கருமாதி செய்ய விடமாட்டேன், தாலியைக் கழற்றமாட்டேன் என்று அம்மா காத்தாயி இன்னும் அவருக்கும் சேர்த்தே சோறு வடிக்கிறாராம்.

"சுண்ணாம்புத் தண்ணியில எலும்பு அவ்வளவு சீக்கிரம் கரையாது சார். ஒரு துணுக்கு கெடைச்சா போதும். அம்மாகிட்ட காட்டிருவேன்."

சரி என்றேன்.

பிரஷ் நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, துகள்களை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து, பசைநாடா ஒட்டிய சின்னத் தட்டில் உதறினாள். எங்கள் தொழிலில் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. எனக்கும் உண்டு. கல்லாகிப்போனதில் என்ன தீட்டு?

"உப்புக் கரிக்குது சார்."

"மழைத்தண்ணி தேங்குன குழியில ஏதும்மா உப்பு?" என்று கிண்டல் செய்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மெஷினுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ஈரமான பொருளை வைத்தால்தான் இப்படி இழுத்தடிக்கும். உள்ளே இருந்ததோ காய்ந்த பொடி.

திரையில் ஓடுகள் தெரிந்தன. ஒன்றுகூட அரிக்கவில்லை. ஒரு முள்கூட உடையவில்லை. நேற்றுச் செத்தவை மாதிரி இருந்தன.

முழுத் தட்டும் தெரிகிற மாதிரி படத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போனேன்.

அவள் கண்டபடி உதறிய ஓடுகள் வளைந்து வளைந்து, சுழி சுழியாக, வரிசைகட்டி நின்றன.

ஒரு கட்டைவிரல் ரேகை.

நடுவில் சாய்வாக ஒரு வெட்டு.

"அப்பா," என்றாள் நர்மதா, மூச்சுக் காற்றாக. "எங்கப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது சார். என் ராங்க் கார்டு எல்லாத்துலயும் இந்தக் கைநாட்டுதான் இருக்கும். இந்த வெட்டு, துளை போடுற கம்பி கிழிச்சது."

படத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்கு ஓடினாள்.

செந்துறையில் எல்லாரும் இறங்கிய பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. வெயில் கொளுத்திய அந்த பஸ்ஸில் அவள் சீட்டு மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்ததாம். நுரையீரல் நிறையத் தண்ணீர். கடல் தண்ணீர் என்றாராம் அறுத்துப் பார்த்த டாக்டர்.

இங்கிருந்து கடல் நூறு கிலோமீட்டர்.

பதினேழாம் நாள் காத்தாயி என் அறைக்கு வந்தார். கழுத்தில் தாலி அப்படியே இருந்தது. கையில், நான் நர்மதாவுக்குக் கொடுத்த அச்சுப்படம். ஊறிப்போய், அதில் ஒன்றுமே தெரியவில்லை.

"எம்புள்ள கடைசியா பார்த்தத எனக்கும் காட்டுங்க சார். வேற ஒண்ணும் வேணாங்க."

பழைய தட்டை எடுத்தேன். பசைநாடா வெறுமையாக இருந்தது. ஒரு ஓடுகூட இல்லை. குப்பியில் மிச்சம் இருந்த சேற்றுப்பொடியைக் கொட்டி, புதிதாக ஒரு தட்டு தயார் செய்தேன். அந்தம்மா முகத்தைப் பார்க்க முடியாமல் தலை குனிந்தபடியே, பதினாறு வருஷப் பழக்கத்தில் கை தன்பாட்டுக்கு வேலையை முடித்தது.

இந்த முறை மெஷின் அடம்பிடிக்கவில்லை.

திரையில் அதே பெரிய ரேகை, அதே வெட்டு. பக்கத்தில் சிறிதாக இன்னொன்று.

அதில் வட்டமாக ஒரு தழும்பு.

காத்தாயி திரையைத் தொட்டுப் பார்த்தார். அழவில்லை. "ரெண்டு பேரும் ஒண்ணா இருக்காங்க," என்றார். பிறகு தாலியைக் கழற்றிக் கைக்குள் பொத்திக்கொண்டார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"சார்," என்று கிசுகிசுத்தார். "மூணாவதா ஒண்ணு வருதே, அது யாருதுங்க?"

காற்றே இல்லாத அந்தப் பெட்டிக்குள் ஓடுகள் ஒவ்வொன்றாக நகர்ந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தன.

பிரஷ் இன்னும் என் கையில் இருந்தது.

அதன் நுனி ஈரமாக இருந்தது.

என் நாக்கில் உப்புக் கரித்தது. இதை எழுதும்போதும் கரிக்கிறது.